வாளியில் முளைத்த நெல்

ஒரத்தநாடு
8.7.2024

தம்பி செல்லதுரைக்கு அக்கா கண்ணாத்தாள் எழுதுவது.

நான் நலம், காது மட்டும் நலமில்லை. போனை வைத்தால் நெல் மில்லுக்குள் நிற்கிற மாதிரி இரைச்சல் கேட்கிறது. நீ பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. அதனால் இனிமேல் பேசுவதை எல்லாம் எழுது. மெசேஜ் அனுப்பலாம் என்று எழில் சொன்னாளாம். என் பட்டன் போனில் அதெல்லாம் ஆகாது என்று சொல். உன் மகளுக்கு ஜெர்மன் பாடம் எப்படிப் போகிறது? நாலு வருஷம் என் வீட்டில் தங்கி நர்ஸ் படிப்பு முடித்த பிள்ளை, என்னிடம் ஒரு வார்த்தை ஜெர்மன் பேசிக் காட்டக்கூடாதா?

விஷயத்துக்கு வருகிறேன். நான் தோட்டம் போடப்போகிறேன். சிரிக்காதே. இந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடி இடம் கிடக்கிறதல்லவா, துணி காயப்போடுகிற இடம். முழுக்க சிமெண்ட். ஆனாலும் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை நல்ல வெயில் விழுகிறது. காய்கறி விற்கிற விலைக்கு இந்த வெயிலைச் சும்மா விடலாமா?

பக்கத்து வீட்டு அப்துல் அஜீஸ் பெயிண்டர். காலி வாளிகள் ஆறு கொடுத்தார். காசு நீட்டினேன், "போங்கக்கா, நான் எடைக்குப் போடுறதுதானே"ன்னார். கம்பியைக் காய்ச்சி ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் ஓட்டை போட்டேன். அடியில் போட்டால் ஊற்றிய தண்ணீர் முழுக்க ஓடிவிடும். அடியிலிருந்து ஒரு விரல் மேலே போட்டால் கொஞ்சம் தங்கும். மீன் மார்க்கெட்டில் தெர்மாகோல் பெட்டி இரண்டு கிடைத்தது. மூன்று தடவை கழுவியும் பூனை வந்து மோந்து பார்க்கிறது. சமையலறைக் கொத்தமல்லியும் வெந்தயமும் விதைக்கு ஆச்சு. வற்றல் மிளகாயை உதிர்த்தேன். கயிறு திரிக்கிற மட்டை நார்த் தூள் பக்கத்துத் தென்னந்தோப்பில் குப்பையாய்க் கிடக்கிறது, ஒரு மூட்டை வாரிவந்தேன். டீக்கடையில் தேயிலைச் சக்கை சேர்த்து வைக்கிறார்கள். எதற்கும் காசில்லை.

மண் மட்டும்தான் இல்லை. இங்கே நர்சரியில் பாக்கெட் போட்டு விற்கிறான். மண்ணைக் காசு கொடுத்து வாங்க எனக்குக் கை வரவில்லை. நம் கொல்லையில் இல்லாத மண்ணா? அந்த மனை எவ்வளவு பள்ளம் என்று உனக்கு நினைவிருக்காது. மழை பெய்தால் அடுப்புக்குள் தவளை உட்கார்ந்திருக்கும். அப்பாவுக்குப் பட்டா வந்த வருஷம் அம்மா குளத்து வண்டலைக் கூடையில் சுமந்து கொட்டிக் கொட்டி மேடாக்கினாள். நானும் சின்னக் கூடையில் சுமந்தேன், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு. நீ புளியமரத்து ஏணையில் தூங்கினாய்.

முருங்கை மரத்தடியில் இரண்டு மூட்டை வெட்டி அனுப்பு. தேங்காய் ஏற்ற இந்தப் பக்கம் வருகிற அல்லா பிச்சை அண்ணன் வண்டியில் போட்டுவிடு.

இந்த வாளியெல்லாம் ஒத்திகைதான். கஜா புயலில் வீடு விழுந்தாலும் இடம் இருக்கிறதே. நீ உன் காலனி வீட்டில் இருந்துகொள். அடுத்த வருஷம் நான் அந்த மனையில் நாலு தகரம் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். வாடகை கொடுத்தே சாக முடியாது.

உன் அக்கா
கண்ணாத்தாள்


குடவாசல்
15.7.2024

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி செல்லதுரை எழுதியது.

இங்கு எல்லோரும் நலம். எழில் காலையில் எழுந்தவுடன் ஜெர்மன்தான். அவள் அம்மாவுக்குத் தலைவலி.

நீ இரண்டு மூட்டைதான் கேட்டாய், நான் நாலு மூட்டை அனுப்புகிறேன். எல்லாம் நம் கொல்லை மண். முருங்கை மரத்தடியாகவே பார்த்து வெட்டினேன். என் கையால் வெட்டினேன் அக்கா, ஆள் வைக்கவில்லை. இதற்காக நீ இங்கே அலையாதே. மூட்டு வலியோடு இரண்டு பஸ் மாறி வர வேண்டாம். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, ஊரே காய்ந்து கிடக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை.

கொட்டகை விஷயம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்.

செல்லதுரை


ஒரத்தநாடு
5.8.2024

தம்பிக்கு,

மண் வந்த அன்றைக்கு நான் பண்ணிய அலப்பறை அஜீஸ் வீட்டு வரைக்கும் கேட்டிருக்கும். அல்லா பிச்சை அண்ணனை உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். ஒரு மூட்டையைப் பிரித்து முகத்துக்கு நேரே அள்ளி மோந்து பார்த்தேன். கிழவிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

இப்போது சொல்வதைக் கோபப்படாமல் படி.

கட்டி கட்டியாய் இருந்ததை உடைத்து வாளியில் நிரப்பினேன். தண்ணீர் ஊற்றினால் மத்தியானம் வரை அப்படியே நிற்கிறது. வெயில் பட்டால் செங்கல்லாய் இறுகி வாளியை விட்டு விலகுகிறது. கத்தரி நாற்று எட்டில் ஐந்து போய்விட்டது. சரி, வண்டல் பழசாகிவிட்டது போல என்று இருந்தேன்.

பிறகு முளைத்தது பார். நம் கொல்லை மண்ணில் தண்ணீர் தெளித்தாலே மூன்றாம் நாள் குப்பைக்கீரை வரும், மணத்தக்காளி வரும். விதைக்கவே வேண்டாம். அம்மா கொட்டிய அடுப்புச் சாம்பலும் கோழி எச்சமும் அப்படி. பிடி மண்ணை எடுத்தால் ஒரு கரித்துண்டு, ஒரு சட்டி ஓடு இருக்கும். நீ அனுப்பிய நாலு மூட்டையிலும் ஒரு ஓட்டுச் சில்லு இல்லை. ஒரு கீரை முளைக்கவில்லை. முளைத்தது கோரை. அப்புறம் ஆரைக்கீரை. அப்புறம் ஏழு நெல்.

கொல்லையில் நெல் முளைக்குமா தம்பி? முருங்கை மரத்தடியில் யார் நாற்று விட்டது?

இது வயல் மண். நீ குத்தகைக்கு எடுத்திருக்கிற நிலத்தில் ரோட்டோரமாய் வெட்டிப் போட்டிருக்கிறாய். சோம்பேறித்தனம் என்றால் சொல்லிவிடு, திட்டிவிட்டு மறந்துவிடுவேன். ஆனால் "என் கையால் வெட்டினேன், முருங்கை மரத்தடி" என்று எழுதியிருக்கிறாயே. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நெல்லைப் பிடுங்கவில்லை. ஏழையும் ஒரே வாளியில் நட்டு வைத்திருக்கிறேன்.

கண்ணாத்தாள்


குடவாசல்
14.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய். முருங்கை மரம் போன மழையில் சாய்ந்துவிட்டது. கொல்லை முழுக்க முள் மண்டிக் கிடக்கிறது, பாம்பு இருக்கிறது என்று ஆட்கள் சொன்னார்கள். அதனால்தான் வயலில் வெட்டினேன். உன் மனசு நோகக்கூடாது என்று அப்படி எழுதினேன். வயல் மண்ணும் நம் ஊர் மண்தானே.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டது. வேலை கழுத்து வரை இருக்கிறது. சம்பாவுக்கு நாற்றங்கால் உழவு ஓட்ட வேண்டும். அடுத்த கடிதத்துக்குத் தாமதமாகும்.

செல்லதுரை


ஒரத்தநாடு
22.8.2024

தம்பிக்கு,

பாம்பு இருந்தால் இருக்கட்டும். மூட்டை வேண்டாம். ஒரு கைப்பிடி போதும். தெருவில் நின்றபடியே வேலியோரமாய் ஒரு பிடி அள்ளி, பிளாஸ்டிக் பையில் முடிந்து, கவரில் போட்டு அனுப்பு.

ஒரு பிடி மண் அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்று பார்க்கிறேன்.

கண்ணாத்தாள்


ஒரத்தநாடு
20.9.2024

செல்லதுரைக்கு,

நாலு வாரம் பார்த்தேன். மண்ணும் வரவில்லை, பதிலும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நானே கிளம்பி வந்தேன்.

முதலில் உன் வீட்டுக்குத்தான் வந்தேன். உன் பெண்டாட்டி வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள். "அவங்க வயலுக்குப் போயிருக்காங்க அண்ணி"ன்னு சத்தமாய்ச் சொன்னா. உன் செருப்பு வாசலில் கிடந்தது. கட்டைவிரல் வார் அறுந்து சேஃப்டி பின் குத்தியிருக்கிற உன் செருப்பு. எனக்குக் காதுதான் போயிருக்கிறது, கண் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாயா? நான் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நம் மனைக்குப் போனேன். சுற்றி நீலத் தகரம் அடித்திருக்கிறது. உள்ளே பத்துத் தூண். முருங்கை மரம் மழையில் சாயவில்லை, மெஷின் வைத்து அறுத்த அடிக்கட்டை கிடக்கிறது. குழி இடுப்பளவுக்கு இருக்கிறது. அதில் சிவப்பு கிராவல் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய மண் எங்கே என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவர் என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினார். "அது வெறும் பொதபொதன்னு இருந்துச்சும்மா, கட்டடம் தாங்காது. எல்லாத்தையும் அள்ளி வெளில அடிச்சாச்சு."

அம்மா தலையில் சுமந்த மண் கட்டடம் தாங்காதாம்.

மனையை வாங்கியவர் அங்கேதான் இருந்தார். ஏதோ உரக்கடைக்காரர், குடோன் கட்டுகிறாராம். மரியாதையான மனுஷன். நாற்காலி போடச் சொன்னார். "நீங்க யாரும்மா?"ன்னு அவரும் காதருகே குனிந்து கேட்டார். இந்த வீட்டுப் பொண்ணு என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. வண்டியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினார். நான் எட்டாவது வரை படித்தவள், முப்பது வருஷம் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டே அ ஆ சொல்லிக்கொடுத்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அப்பா பெயர் போட்டு, மேற்படியாருக்கு ஒரே மகன் செல்லதுரை தவிர வேறு வாரிசு இல்லை என்று இருக்கிறது.

வேறு வாரிசு இல்லை.

அந்த மனிதரிடம் பேச்சை மாற்றினேன். தூரத்துச் சொந்தம், அந்தக் காலத்தில் இந்தத் தெருவில் இருந்தோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். உன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன். சொன்ன பிறகு பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, நீ எழுதிக்கொடுத்ததையே நானும் சொல்லியிருக்கிறேன்.

நீ மனையை விற்றாய், சரி. ஏண்டா என்னை அழித்தாய்? என்ன செய்தேன் உனக்கு? பதில் எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

கண்ணாத்தாள்


குடவாசல்
2.10.2024

அக்காவுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உள்ளேதான் இருந்தேன். நீ தண்ணீர் கேட்டது காதில் விழுந்தது. எழுந்து வர முடியவில்லை.

எழிலுக்கு ஜெர்மனி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு இவ்வளவு நாளைக்குள் பணம் எல்லாம் கட்டி முடிக்க வேண்டும் என்றார்கள். பேங்கில் கடன் தராமல் இழுத்தடித்தார்கள். புரோக்கர் மனை வாங்க ஆள் கொண்டுவந்தார். அக்கா இருக்கிறாள் என்று அவரிடம் சொன்னேன். "அவங்க வரணும், கையெழுத்துப் போடணும், நாள் ஆகும், பார்ட்டி போயிடுவாரு"ன்னார். என் ஒருத்தன் பேரில் வாரிசு சர்ட்டிபிகேட் வாங்கிவிட்டால் முடிந்தது என்றார். தாலுகா ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, "கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா?"ன்னு கேட்டார். வாயில் இல்லை என்று வந்துவிட்டது. இரண்டாம் தடவை கேட்டார். அப்போதும் அதையே சொன்னேன். சாட்சிக்குத் தெருவில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களும் நீ தூக்கி வளர்த்த பிள்ளைகள்தான்.

உன் முதல் கடிதம் வந்த அன்றைக்குக் கொல்லையில் ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. மண்ணை அள்ளி டிப்பரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் இரண்டு மூட்டை கேட்டிருக்கலாம். அந்த ஆளுக்கு முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது. வயலுக்குப் போய் வெட்டினேன். நாலு மூட்டை வெட்டினால் மனசு ஆறும் என்று நினைத்தேன்.

எழிலுக்கு எதுவும் தெரியாது. பேங்கில் கிடைத்தது என்று சொல்லியிருக்கிறேன்.

என்னை மன்னித்துவிடு.

செல்லதுரை


ஒரத்தநாடு
10.10.2024

செல்லதுரைக்கு,

எழிலுக்காக என்று எழுதியிருக்கிறாய். அவளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை விரித்துப் பக்கத்தில் படுத்தவள் நான். விடியற்காலை ஐந்து மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டி நாலு வருஷம் காலேஜுக்கு அனுப்பியவள் நான். நீ ஒரு போன் போட்டு, காது கேட்காவிட்டால் ஒரு கார்டு போட்டு, "அக்கா, வந்து கையெழுத்துப் போடு" என்று சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து, எந்த இடத்தில் என்று கேட்டுப் போட்டிருப்பேன். கொட்டகையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. ஒரு நாள் மிச்சம் பிடிக்க என்னைப் பிறக்காதவளாக ஆக்கினாய்.

இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

மனை போகட்டும். மண் போகட்டும். எனக்கு ஒன்று மட்டும் செய். அந்த ஆபீஸுக்குப் போய், எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், பெயர் கண்ணாத்தாள், விட்டுப்போய்விட்டது என்று எழுதிக் கொடு. இடத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று நான் கீழேயே கையெழுத்துப் போடுகிறேன். நானே மனு போடலாம் என்று அஜீஸ் சொல்கிறார். எனக்கு உன்னைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்த மனசில்லை. நீ அழித்ததை நீயே எழுது.

பொங்கல் வரைக்கும் பார்ப்பேன்.

கண்ணாத்தாள்


குடவாசல்
6.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. வக்கீலைக் கேட்டேன். இப்போது போய் அக்கா இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தால் நான் பொய் சொன்னதாக ஆகுமாம். பத்திரம் செல்லாது என்று உரக்கடைக்காரர் கேஸ் போட்டால் நான் உள்ளே போக வேண்டியிருக்குமாம். எழிலுக்கு விசா வந்துவிட்டது, மாசக் கடைசியில் கிளம்புகிறாள். இந்த நேரத்தில் போலீஸ் கேஸ் என்று வந்தால் பிள்ளை வாழ்க்கை என்ன ஆவது? நீயே யோசித்துப் பார். அவள் போய்ச் சேரட்டும். பிறகு பார்க்கலாம்.

சீர் மட்டும் நிறுத்தவில்லை. கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், பச்சரிசி, புதுப் பானை, புடவை எல்லாம் அல்லா பிச்சை அண்ணன் வண்டியில் அனுப்புகிறேன். அப்பா போன பிறகு ஒரு வருஷமும் நிறுத்தியதில்லை. எழில் பொங்கலுக்கு வீட்டில்தான் இருக்கிறாள். அத்தைக்குப் புடவையை அவள்தான் எடுத்தாள்.

மறுக்காமல் வாங்கிக்கொள்.

உன் தம்பி
செல்லதுரை


ஒரத்தநாடு
12.1.2025

செல்லதுரை அவர்களுக்கு,

சீர் வந்தது. புடவையை மட்டும் இறக்கிக்கொண்டேன், அது எழில் எடுத்தது. மற்றதை அப்படியே வண்டியில் திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டேன். அல்லா பிச்சை அண்ணன் சங்கடப்பட்டார், பாவம். நாளும் கிழமையுமாய் என்று ஏதோ சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது, இப்போது சொன்னேன். சீர் என்பது அப்பா செய்ய வேண்டியதை அவர் இடத்தில் நின்று மகன் மகளுக்குச் செய்வது. அப்பாவுக்கு மகளே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு யாருக்கு அனுப்புகிறீர்கள்?

தோட்டத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நீங்கள் அனுப்பிய மண்ணை வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். பாதிக்குப் பாதி நார்த் தூள், கொஞ்சம் மக்கிய சாணம், தேயிலைச் சக்கை, அரிசி கழுவிய தண்ணீர். மூன்று மாதம் பிடித்தது. பிழைத்த மூன்று கத்தரியும் காய்த்துத் தள்ளுகிறது. புடலை துணிக்கொடியில் ஏறி, காயை நேராக்கக் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மிளகாய் நான் தின்று, அஜீஸ் வீட்டுக்கும் கொடுத்து, இன்னும் இருக்கிறது. பொய் சொல்லி வந்த மண்தான். அதற்கென்ன தெரியும், அது காய்த்துவிட்டது.

எல்லாவற்றிலும் கொஞ்சம் பறித்து ஒரு பெயிண்ட் வாளியில் வைத்து இந்த வண்டியிலேயே அனுப்புகிறேன். மண் வந்த சாக்கு நாலையும் துவைத்து மடித்து அடியில் வைத்திருக்கிறேன். அந்த ஏழு நெல்லும் கதிர் முற்றிவிட்டது. அறுத்துக் கொத்தாய்க் கட்டி மேலே வைத்திருக்கிறேன். அது உங்கள் வயலுடையது.

அக்காள் தம்பிக்குச் சீர் அனுப்புவது நம் தெருவில் கிடையாது. அதனால் இது சீர் இல்லை. சர்க்கார் காகிதப்படி எனக்குத் தம்பியும் இல்லை.

விசா, கேஸ் எல்லாம் புரிகிறது. நான் எங்கேயும் மனு போடமாட்டேன், பயப்பட வேண்டாம். எழில் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும். ஆனால் ஒன்று. வண்டி உங்கள் வாசலில் நிற்கும்போது அவள்தான் முதலில் ஓடிவருவாள். வாளியைப் பார்த்துவிட்டு, "யாருப்பா குடுத்தது?"ன்னு கேட்பாள். யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று அல்லா பிச்சை அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். திரும்பிப் போன கரும்பும் மஞ்சளும் அந்த வண்டியிலேயே இருக்கும். ஏன் திரும்பி வந்தது என்றும் கேட்பாள்.

அந்த ஆபீசர் இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் இல்லை என்றீர்கள். உங்கள் மகள் ஒரு தடவைதான் கேட்பாள்.

நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று அல்லா பிச்சை அண்ணன் எனக்கு வந்து சொல்வார். எனக்குத்தான் காது கேட்காதே, அதனால் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

கண்ணாத்தாள்